சாரல் மாசத்து லேப்டாப்

ஜூன் 14, 2025, சனி

சாரல் விடவே இல்லை. கேரளாவில் மே 24-ஆம் தேதியே மழை இறங்கிவிட்டது, அதனால் எல்லையில் இருக்கிற எங்கள் புளியறைக்கும் இந்த வருஷம் சீக்கிரம். கடை ஷட்டரைத் தூக்கினால் பேப்பர் கட்டெல்லாம் நமுத்துக் கிடக்கிறது. விசிறிவிட்டு வைக்காவிட்டால் ஜெராக்ஸ் மெஷின் ரெண்டு ரெண்டாக இழுக்கிறது.

கடை லேப்டாப்பில் இன்று லினக்ஸ் ஏற்றினேன். 2015-இல் வாங்கிய மலிவு லேப்டாப், 4 ஜிபி ராம். விண்டோஸ் 10 திறந்து வருவதற்குள் எதிரே போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அதற்கும் அக்டோபர் 14-ஓடு அப்டேட் நிற்கப்போகிறது. 11 இந்த மெஷினில் ஏறாது. “மின்ட் போடும்மா, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, பழசுக்கு அதுதான் லேசு” என்று மகள் சென்னையிலிருந்து ஒரு மாசமாகச் சொல்கிறாள். விண்டோஸை அழிக்கவில்லை. ஆதார் கைரேகை மெஷினின் சாஃப்ட்வேர் அதில்தான் ஓடும். ஹார்டு டிஸ்கில் பாதியை ஒதுக்கி, பக்கத்தில் ஏற்றினேன்.

முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. சத்தம் வருகிறது, வெளிச்சம் கூடுகிறது குறைகிறது, தமிழ் எழுத்து உடையாமல் தெரிகிறது. வைஃபை மட்டும் இல்லை. கனெக்ட் ஆகாமல் மக்கர் பண்ணினால்கூடப் பரவாயில்லை, அந்த விசிறிப் படத்தையே காணோம்.

ஜூன் 15, ஞாயிறு

ஆரியங்காவிலிருக்கும் நாத்தனார் மகனுக்குப் போன் போட்டேன். பத்தாம் வகுப்பு. மலை ஏறி இறங்கினால் அவன் ஊர். ஆனால் அங்கே பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் முழுக்க லினக்ஸில்தான். கைட் என்கிற கேரள அரசு நிறுவனம் உபுண்டுவைப் பள்ளிக்கென்று மாற்றிக் கொடுக்கிறது. அவனுக்கு விண்டோஸ்தான் புதுசு.

“டெர்மினலத் திறங்க அத்தை. எல், எஸ், பி, சி, ஐ. ஒரு ஸ்பேஸ். கோடு. என், என்.”

அடித்தேன். அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்றது. மூன்று தரம் அடித்தும் அதே பதில்.

“அத்தை, எல்லுன்னா எழுத்து எல்லு. ஒண்ணாம் நம்பர் அடிச்சிருக்கீகளா?”

ஒண்ணாம் நம்பர்தான் அடித்திருந்தேன். இந்தத் திரையில் ரெண்டும் ஒரே குச்சி.

சரியாக அடித்ததும் போர்டில் உட்கார்ந்திருக்கும் எல்லாச் சாமானும் வரிசையாக வந்து நின்றன. நெட்வொர்க் என்ற வரியின் கடைசியில் 14இ4:4365. முதல் பாதி சிப் செய்த கம்பெனி, பின்பாதி எந்தச் சிப் என்பது. ஆக, சிப் உயிரோடுதான் இருக்கிறது. அதோடு பேசத் தெரிந்த டிரைவர்தான் இல்லை. அந்தக் கம்பெனி மூலநிரலை வெளியே தரவில்லை, அதனால் அது கெர்னலோடு சேர்ந்து வராது, தனியாக இறக்க வேண்டும் என்றான். இறக்குவதற்கு நெட் வேண்டும். நெட்டுக்கு வைஃபை வேண்டும். நல்ல கூத்து!

ஜூன் 16, திங்கள்

அவன் சொன்னபடி போனை யூஎஸ்பி ஒயரில் மாட்டி, டெதரிங் போட்டதும் நெட் வந்துவிட்டது. போனில் டவர் ஒரு நிமிஷம் நம்முடையது, ஒரு நிமிஷம் கேரளாவுடையது. டிரைவர் மேனேஜரைத் திறந்தால் அந்தச் சிப்புக்கான டிரைவரை அதுவே காட்டியது. போட்டேன். அணைத்து ஏற்றினேன். வரவில்லை.

கையால் ஏற்றிப் பார்த்தபோது சாவியை ஏற்க முடியாது என்று ஒரு வரி வந்தது. படம் பிடித்து அனுப்பினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து பதில் போட்டான்: செக்யூர் பூட்.

நான் புரிந்துகொண்ட மட்டும் எழுதி வைக்கிறேன். நம் செக்போஸ்ட் மாதிரிதான். கெர்னலுக்குள் போகும் எதிலும் சீல் இருக்க வேண்டும். இந்த டிரைவர் என் லேப்டாப்பிலேயே கோத்துத் தயாரானது, அதில் இருப்பது என் லேப்டாப் தானே போட்டுக்கொண்ட சீல். இதுவும் செல்லும் என்று போர்டின் பதிவேட்டில் ஒரு தடவை எழுதிவிட வேண்டும். எழுதாதவரை வண்டி திரும்ப வேண்டியதுதான்.

ஜூன் 19, வியாழன்

தட்சிணாமூர்த்தி கோயில் கூட்டம். வியாழக்கிழமை இந்த வேலையை எடுத்தது என் புத்தி. சாவியைப் பதியச் சொல்லி பாஸ்வேர்டு கொடுத்தாச்சு. அணைத்து ஏற்றும்போது ஒரு நீலத் திரை வரும், பத்து விநாடிக்குள் ஏதாவது ஒரு பட்டனை அமுக்க வேண்டும். திரை வந்தது. அதே நொடியில், “அக்கா, ஆதார் ரெண்டு பக்கமும் ஒரே தாள்ல” என்று ஒரு கை நீண்டது. திரும்பிப் பார்த்தால் திரை போய்விட்டது. முதலிலிருந்து.

இரண்டாம் தடவை ஒரு அம்மா, மாமனார் காலத்துத் திருவிதாங்கூர்ப் பத்திரத்தை நீட்டினார். 1956 நவம்பர் 1-க்கு முன்னால் நாங்களெல்லாம் திருவிதாங்கூர்தானே, இந்த மாதிரிப் பத்திரம் மாசத்துக்கு ஒன்றாவது கடைக்கு வரும். மடிப்பில் கிழிந்துவிடும், அவசரப்பட முடியாது. இரண்டாவது திரையும் போனது.

மூன்றாவது தடவை பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். ‘என்ரோல்’, ‘கண்டினியூ’, ‘யெஸ்’, பாஸ்வேர்டு, ரீபூட். ஏறி வந்ததும் வலது மூலையில் விசிறிப் படம். அதற்கு மேலே என் வீட்டு வைஃபை பேர். ஷட்டரைத் தூக்கினால் வெளியே நாலு பேர் நனைந்துகொண்டு நிற்கிறார்கள்.

ஜூன் 20, வெள்ளி

கைரேகை வேலைக்காக விண்டோஸுக்குள் போனால் மணி 4.45 என்கிறது. வெளியே காலை 10.15. லாகின் ஏற்க மறுக்கிறது. போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலக நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று நம்புகிறது. நடுவில் நம் அஞ்சரை மணி நேரம். லினக்ஸிடம் உள்ளூர் நேரமே எழுதச் சொல்லி ஒரே வரி, முடிந்தது.

ஜூன் 21, சனி

இன்று ஐந்து தடவை உறைந்துவிட்டது. மவுஸ் அப்படியே நிற்கிறது, கீபோர்டு செத்துப்போகிறது, பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால்தான் அணைகிறது. தென்காசியில் ரிப்பேர் பார்க்கிற ஒருவரிடம் போனில் கேட்டேன். “லினக்ஸ் போட்டா அப்படித்தான். போர்டு போயிருக்கும், 4,500 ஆகும்” என்றார். இதில் எது காரணம் என்று கேட்டேன், கட் பண்ணிவிட்டார்.

ராத்திரிதான் ஒன்று ஞாபகம் வந்தது. போன சாரலிலும் இப்படி நின்றது. அப்போது விண்டோஸ், திரை நீலமாகும். ஆகஸ்டு தாண்டியதும் தானாகவே நின்றுவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

ஆரியங்காவு மருமகன் கேரள பஸ்ஸில் வந்து இறங்கினான், கையில் பலாப்பழம். நேற்று யோசித்ததைச் சொன்னேன். “அப்போ லினக்ஸ் இல்ல அத்தை, ராமப் பாப்போம்” என்று பென் டிரைவிலிருந்து மெம்டெஸ்டை ஓடவிட்டான். பதினைந்தாவது நிமிஷம் சிவப்பு வரிகள் பெய்ய ஆரம்பித்தன.

சார்ஜரைக் கழற்றி, பேட்டரியை உருவி, அடி மூடியைத் திறந்தோம். உள்ளே மூலையில் சின்ன எறும்புகள் முட்டையோடு குடியிருந்தன. ராம் ஒரே பட்டை. அதன் தங்கப் பற்களில் மங்கலாக ஒரு படலம், மூச்சு பட்ட கண்ணாடி மாதிரி. “அழிரப்பர் இருக்கா அத்தை?” கடையில் இல்லாத ரப்பரா? மூன்று ரூபாய் வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்தான். ரப்பர் நுனி கறுத்தது, பற்கள் பளிச்சென்று வந்தன. துகளைப் பிரஷால் தட்டி, சாய்வாகச் செருகி அமுக்கினான். க்ளிக்.

மெம்டெஸ்ட் மறுபடி. ரெண்டு சுற்று முடிய மூன்று மணி நேரம், அதற்குள் பலாப்பழமும் முடிந்தது. ஒரு சிவப்பு வரி இல்லை.

அவனை பஸ் ஏற்றும்போது கேட்டேன், “உங்க ஸ்கூல்ல இதெல்லாமா சொல்லித் தாராக?”

“ரப்பர் இல்ல அத்தை. அது புனலூர்ல ஒரு அண்ணன் கடையில பாத்தது.”

ஜூன் 24, செவ்வாய்

பிரிண்டருக்குப் பயந்துகொண்டே இருந்தேன். ஒயரை மாட்டினேன், பேர் வந்தது, அடித்தது. சிடி கேட்கவில்லை.

மகளிடம் சொன்னபோது அவள் ஒரு கதை சொன்னாள். 1980 வாக்கில் அமெரிக்காவில் எம்ஐடி ஆய்வுக்கூடத்துக்கு ஒரு லேசர் பிரிண்டர் வந்தது. தாள் சிக்கினால் யாருக்கும் தெரியாது, எழுந்து போய்த்தான் பார்க்க வேண்டும். சிக்கினால் தகவல் வருகிற மாதிரி மாற்றலாம் என்று அங்கிருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் மூலநிரலைக் கேட்டிருக்கிறார், கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார்கள். மூலநிரல் எல்லோருக்கும் கிடைக்கிற மாதிரி மென்பொருள் செய்யும் குனு திட்டத்தை 1983-இல் அவர் அறிவித்ததற்கு அந்தக் கோபமும் ஒரு காரணமாம். அவரே 2001 ஜூலையில் திருவனந்தபுரம் வந்து அந்த இயக்கத்தின் இந்திய அமைப்பைத் தொடங்கி வைத்திருக்கிறார். அந்த பிரிண்டர் செய்தது ஜெராக்ஸ் கம்பெனி. இருபது வருஷமாக அந்தப் பேரைப் போர்டில் எழுதிப் பிழைக்கிறேன், எனக்கு இது இன்றுதான் தெரியும். தாள் சிக்குகிற எரிச்சல் என்னவென்று மட்டும் யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

ஜூன் 29, ஞாயிறு

மருமகன் மறுபடி வந்தான். பரணில் இருக்கும் மகளின் அரசு லேப்டாப்பை இறக்கச் சொன்னான். 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டம், இவளுக்கு 2013-இல் கிடைத்தது. ஏறும்போது ரெண்டு பேர் காட்டும்: விண்டோஸ், பாஸ் லினக்ஸ். பாஸ் என்பது சென்னை சி-டாக் செய்தது. அது என்ன, எதற்கு என்று பள்ளியில் ஒருத்தரும் அவளுக்குச் சொல்லவில்லை. வைரஸோ என்னவோ என்று செங்கோட்டையில் 200 ரூபாய் கொடுத்து நான்தான் அழிக்கச் சொன்னேன். இப்போது மூன்று ஜிபி இறக்கி, பத்து நாள் முட்டி மோதி ஏற்றியது அதன் பங்காளியைத்தான்.

அதன் ராமைக் கழற்றி கடை லேப்டாப்புக்கு உபரியாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். ஸ்டிக்கரை வெளிச்சத்தில் காட்டினான். இதில் பிசி3. நம்முடையதில் பிசி3எல். பழசுக்கு 1.5 வோல்ட், நம் போர்டு தருவது 1.35. மறுபடியும் அந்த எல்.

“அப்போ இத நான் எடுத்துட்டுப் போகவா அத்தை? டெபியன் போட்டுப் பாக்கேன். பாஸும் டெபியன்ல இருந்து வந்ததுதான்.”

பிளாஸ்டிக் பையில் ரெண்டு சுற்றுச் சுற்றிக் கொடுத்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

மழை. கடை லேப்டாப் ஒன்பது நாளாக நிற்கவில்லை.

ராத்திரி மருமகனிடமிருந்து மெசேஜ்: “அத்தை, பூட் ஆயிட்டு. வைஃபை வரல.”

“எல்எஸ்பிசிஐ பாத்தியாலே?” என்று போட்டேன்.