கையெழுத்தும் தலையெழுத்தும்

கமுந்திங் மழைக்குப் பெயர்போன வட்டாரம். அண்டையிலுள்ள தைப்பிங்கில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பொழிகின்றது. அம்மழை ஈயக் குட்டைகளை நிரப்பிற்று. ரப்பர்க் காடுகளை வளர்த்தது. பால்மரம் சீவ முடியாத காலைகளில் தொழிலாளியின் கூலியையும் குறைத்தது. காகிதத்திற்கோ அது எமன். ஈரம் ஏறிய தாளில் முதலில் மை கசியும். பின்னர்ப் பூஞ்சை பூக்கும். இராமபாணப் பூச்சி ஓரங்களைச் சுரண்டும். எஞ்சியதைக் கரையான் முடித்துவைக்கும். இத்தகைய மண்ணில் ஒரு துண்டுத் தாள் அறுபது எழுபது ஆண்டுகள் பிழைத்திருக்கிறதென்றால், யாரோ ஒருவர் அதைப் பிழைக்க வைத்திருக்கிறார் என்பதே பொருள்.

தோட்டத்து லயன் வீடுகளில் அப்பணியைச் செய்தது தகரப் பெட்டி. கப்பலேறி வந்த நாளில் துணிமணிகளைச் சுமந்த பெட்டி, பின்னர்ப் பரணுக்கோ கட்டிலுக்கு அடியிலோ இடம்பெயர்ந்து, குடும்பத்தின் ஏட்டகம் ஆயிற்று. அந்துருண்டை மணக்கும் அப்பெட்டிக்குள் பிள்ளைகளின் சாதகக் குறிப்பு இருக்கும். மஞ்சள் தடவிய திருமண அழைப்பிதழ் இருக்கும். பள்ளித் தேர்ச்சி அட்டை இருக்கும். அட்டை கிழிந்த பெரிய எழுத்து நல்லதங்காள் கதை இருப்பின் அது தனிச் சிறப்பு. அரைகுறையாய்ப் படிக்கத் தெரிந்தவருக்கும் மங்கலான விளக்கொளியில் எழுத்துப் புலப்பட வேண்டும் என்று பருமனான அச்சில் வெளிவந்த நூல்கள் அவை. ஒருவர் இராகமிட்டுப் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்பர். அச்சுப்பிழை மலிந்த அந்நூல்களைப் புலவர் பெருமக்கள் பொருட்படுத்தியதில்லை. ஆயினும் எண்ணற்ற எளிய மக்களின் கைக்கு வந்த முதல் அச்சு நூல் அதுவாகவே இருந்தது.

பெட்டியின் அடியில் நூலால் கட்டிய மடல்கள் கிடக்கும். பிள்ளையார் சுழியில் தொடங்கி, நலம் கூறி நலம் வினவி, மாடு கன்று ஈன்றதையும் மழை பொய்த்ததையும் சொல்லி, பணம் வேண்டும் என்பதை இறுதியில் தயங்கித் தயங்கி உரைக்கும் மடல்கள். அம்மா எழுதியது என்று அதனைப் போற்றுவர். ஆனால் அத்தாய்மாருட் பலர் எழுத்தறியாதவர். திண்ணையில் அமர்ந்து அவர் சொல்லச் சொல்ல, அஞ்சல்காரரோ அண்டை வீட்டுப் பள்ளிச் சிறுவனோ எழுதுவார். இங்கே அதனைப் படித்துக் காட்டியவரும் பெரும்பாலும் தோட்டப் பள்ளி ஆசிரியர். மறுமொழி எழுதிக் கொடுத்தவரும் அவரே. தாய்க்கும் மகனுக்கும் இடையே இருவர் கை இருந்தது. எனினும் ‘ராசா’ என்ற ஒரு சொல் அவ்விரு கைகளையும் கடந்து வந்து சேர்ந்துவிடும். கையெழுத்து ஒருவருடையது, குரல் மற்றொருவருடையது என்னும் இவ்விந்தை, தட்டச்சிலோ கைப்பேசியிலோ காணக் கிடைப்பதன்று.

எழுத்தின் வடிவமே காலம் காட்டும் என்பதைத் தமிழாசிரியர் அறிவர். ‘லை’யும் ‘னை’யும் முற்காலத்தில் யானைத் துதிக்கை போன்ற கொம்பினைத் தலையில் தாங்கி நின்றன, ‘ணா’, ‘றா’, ‘னா’ ஆகியவை கால் தனியே பிரியாது சுழித்து வளைந்தன. இவ்வாறு தனிப்போக்கில் நின்ற 13 எழுத்துகளைத் தமிழக அரசு 1978இல் சீர்திருத்திற்று. சிங்கப்பூர் 1983இல் அதனை ஏற்றது. மலேசியப் பாடநூல்களிலும் புதுவடிவம் இடம்பெற்றது. கற்பதற்கு எளிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் முதியோர் பலரின் கை துதிக்கையை எளிதில் விடவில்லை. இன்றைய மாணவன் பாட்டனார் மடலை எடுத்தால், ‘தலை’ என்னும் சொல்லிலேயே தடுமாறி நிற்பான். அவனுக்குத் துணை நிற்க வேண்டியவர் ஆசிரியர்.

இத்தகைய தாள்களின் மதிப்பை உணர்ந்தவர் ஒருவர் செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்தார். பெயர்ப்பலகை எழுதும் ஓவியராகிய ரோஜா முத்தையா, எழுத்தின் வளைவு நெளிவிலேயே பிழைப்பைக் கண்டவர். எழுத்தைத் தீட்டிய அக்கை எழுத்தைத் திரட்டவும் தொடங்கியது வியப்பன்று. அரிய நூல்களோடு இதழ்களும் விளம்பரத் துண்டுகளும் திருமண அழைப்பிதழ்களும் அவர் இல்லத்தில் நிறைந்தன. அவர் 1992இல் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கி, நாடு கடத்தாமல் தமிழ் மண்ணிலேயே நிலைபெறச் செய்தது. 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. பிறர் குப்பை என்றது இன்று ஆய்வாளர்க்கு மூலச் சான்று.

கமுந்திங் போன்ற ஊர்களில் தாளின் மதிப்பு ஆய்வோடு நின்றதில்லை. 1957இல் நாடு விடுதலை பெற்ற வேளையில், குடியுரிமை வேண்டியவர் தாம் இங்கே பிறந்ததையோ இங்கே வாழ்ந்து வருவதையோ மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. தகரப் பெட்டியைத் திறந்து ஒரு பிறப்புச் சான்றிதழை எடுக்க முடிந்தவருக்கு நீல அட்டை. கரையான் முந்திக்கொண்ட வீட்டில் சிவப்பு அட்டையோடு காலம் தள்ளியோர் உண்டு. 1969 முதல் குடியுரிமை இல்லாதோர் வேலை செய்யவும் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. பலர் வாழ்ந்த மண்ணைவிட்டுக் கப்பலேறினர். ஈரம் புகாத ஒரு பெட்டி இருந்ததா இல்லையா என்பது ஒரு பரம்பரையின் தலையெழுத்தாயிற்று.

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது மக்கள் லயன்களை விட்டு வெளியேறினர். வீடு மாறும் நாளில் பாத்திரம் போகும், கட்டில் போகும், துருப்பிடித்த பெட்டியைத்தான், ‘இது எதற்கு?’ என்று கேட்பர். தைப்பிங்கில் 1883 முதல் அரும்பொருளகம் ஒன்று உண்டு. நாட்டின் மிகப் பழைய அரும்பொருளகம் அதுவே. ஆனால் அம்மாவின் மடலை அரும்பொருள் என்று எவர்தாம் எண்ணுவர்?

அப்பெட்டியைப் பொறுமையுடன் படிப்பவருக்கு ஒன்று புலப்படும். மூலையில் மஞ்சள் தடவிய மடல்கள் பத்திரமாக இருக்கும். சாவுச் செய்தியோ இராது. துக்கச் செய்தி தாங்கிய தாளை வீட்டிற்குள் வைப்பது வழக்கமன்று. வாசலிலேயே படித்துக் கிழித்தெறிவர். ஆதலால் மடல்களை மட்டும் நம்பினால், அந்த ஊரில் திருமணம் நடந்தது, பிள்ளை பிறந்தது, எவரும் இறக்கவேயில்லை. ஓராண்டுக்குப்பின் வரும் மடல்களில் மட்டும் ‘அம்மா ஆசீர்வாதம்’ என்ற வரி இராது.