நான்காவது கூறு

காசநோய்க்கு மருந்துண்ணத் தொடங்கிய மூன்றாம் மாதத்தில் நான் பூரண சுகம் பெற்றுவிட்டதாகவே நம்பினேன். இருமல் நின்றிருந்தது, மாலைக் காய்ச்சல் மறைந்திருந்தது, இழந்த நிறையிற் பெரும்பகுதி மீண்டிருந்தது. வெறுவயிற்றில் விழுங்கும் குளிசைகளால் எழும் குமட்டலோ முதல் விரிவுரை முடியும்வரை நீங்குவதில்லை. ஆகவே, ஒரு நாட்காலை அவற்றைச் சன்னலுக்கு வெளியே எறிந்துவிட எண்ணினேன். அறைத்தோழன் கையில் தண்ணீர்க் கோப்பையுடன் எதிரே நின்றான். "மச்சான், முதல்ல குளிசையைப் போடு, பிறகு கதைப்பம்" என்றான். எனக்கு மருந்தூட்டும் பொறுப்பைத் தானாகவே விரும்பி ஏற்றவன் அவன். விடுதியில் ஏனையோர் தத்தம் கோப்பைகளை வேறாக எடுத்து வைத்த நாட்களிலும் அறையை விட்டு நீங்காதவன். அன்று அவன் பொருட்டே விழுங்கினேன். அவன் வற்புறுத்தியதன் நியாயத்தைப் பின்னர் நூலகத்திலே தேடி அறிந்தேன்.

கலைப்பீட மாணவனாகிய எனக்கு வியப்பளித்தது, இந்நோயின் வரலாறு பெரிதும் ஓர் எண்கணக்காக இருந்தமையே. நுரையீரலிற் குழி விழுந்த நோயாளியின் மார்பில் கோடிக்கணக்கான கிருமிகள் வாழ்கின்றன. மருந்தை ஒருபோதும் கண்டிராத நிலையிலேயே, தற்செயலான பரம்பரையலகு மாற்றத்தால், அவற்றுள் ஏறக்குறைய 10 இலட்சத்தில் ஒன்று ஐசோனியாசிட்டையும், 10 கோடியில் ஒன்று ரிபாம்பிசினையும் எதிர்க்கவல்லதாய்ப் பிறக்கின்றது. ஒரு மருந்தை மட்டும் கொடுப்பின் ஏனையவை மடிய, அச்சிலவே பெருகி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் ஒருங்கே எதிர்க்கும் கிருமி தோன்றும் வாய்ப்போ கோடி கோடியில் ஒன்று. அத்துணைக் கிருமிகள் எவர் மார்பிலும் இல்லை. பல மருந்துகளை ஒருசேர உண்பதன் தத்துவம் இதுவேயாம்.

இவ்வுண்மை உயிர்களை விலையாகக் கொடுத்தே கற்கப்பட்டது. 1943 இல் கண்டறியப்பட்ட ஸ்ரெப்ரோமைசினைப் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை 107 நோயாளரிடையே சோதித்து, முடிவுகளை 1948 இல் வெளியிட்டது. நம் புதுமைப்பித்தன் இந்நோய்க்கு இரையானதும் அவ்வாண்டிலேதான். ஆறு மாத முடிவில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரே இறந்திருந்தனர். படுக்கை ஓய்வு மாத்திரம் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்திருந்தனர். ஆயின் ஐந்தாண்டுகள் கழிந்தபோது முன்னவரில் 32 பேரும், பின்னவரில் 35 பேரும் மாண்டுபோயினர். தனித்து வந்த மருந்தைக் கிருமி வென்றுவிட்டது. பின்னர் வேறு மருந்துகள் துணைசேர்ந்தபோதே, சிறப்பாக 1952 இல் ஐசோனியாசிட் வந்தபின்னரே, நிலையான குணம் கைகூடிற்று.

1956 இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் அடுத்த அடியை எடுத்து வைத்தது. வறிய நோயாளர் தம் வீடுகளிலேயே இருந்து மருந்துண்டும் ஆரோக்கிய நிலையத்தில் தங்கியோருக்கு ஏறத்தாழ நிகரான பயன் பெறலாம் என்பதை அது 1959 இல் காட்டிற்று. ஆனால், வீட்டிலுள்ளவன் நலம் தெரிந்த பின்னரும் நாள்தோறும் மருந்து உண்பானா என்ற வினா உடன் எழுந்தது. அது என் சன்னலோரத்து வினாவேயன்றோ?

இடைக்கிடை நிறுத்தியும் தொடங்கியும் உண்போரிடத்தே எஞ்சிய கிருமிகள் மருந்துகளை ஒவ்வொன்றாக வெல்லக் கற்கின்றன. ஐசோனியாசிட், ரிபாம்பிசின் ஆகிய இரண்டுக்கும் அடங்காத நோய்க்குப் பன்னெடுங்காலம் ஒன்றரையாண்டுக்கு மேலாகச் சிகிச்சை வேண்டியிருந்தது. அதில் இடம்பெற்ற ஊசிகள் சிலரது செவிப்புலனையே பறித்தன. 2012 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெடாகுவிலின், கிருமியின் ஆற்றல் உற்பத்தியையே முடக்குவது. அதனுடன் பிரெற்றோமனிட், லினசோலிட், மொக்சிபுளொக்சசின் ஆகியவற்றைச் சேர்த்து ஆறு மாதம் வழங்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2022 இல் பரிந்துரைத்தது. புதிய மருந்தும் தனித்து அனுப்பப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எனினும், அதனை எதிர்க்கும் கிருமிகளும் ஆங்காங்கே தோன்றிவிட்டன.

நான் விட்டுவிட்டு மருந்துண்டு அடங்காக் கிருமியொன்றை என் மார்பில் வளர்த்திருப்பின், அது என் மூச்சின்வழி முதலில் யாரைச் சென்றடைந்திருக்கும்? தண்ணீர்க் கோப்பையுடன் நின்றவனையே. தவறேதும் செய்யாத அவன், முதல் நாளிலிருந்தே இவ்விரு மருந்துகளும் பயன்தராத நோயைப் பெற்றிருப்பான். மருந்துண்ணல் என் சொந்த விடயம் என்று நான் கொண்டிருந்த எண்ணம் அன்றோடு அகன்றது.

வள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுபவன் என நாற்கூறாக வகுத்தார். பாடசாலையில் அதனை மனனஞ் செய்தபோது, நான்காவது கூறு எண்ணிக்கையை நிரப்ப வந்தது என்றே கருதினேன். முதல் மூன்றும் எனக்கு வாய்த்திருந்த காலையிலும் நான் தவறவே இருந்தேன். தவறாது காத்தது நான்காவதே.

ஆறாம் மாதத்தின் இறுதி நாளன்று குளிசையை விழுங்கிவிட்டுக் கோப்பையை அவனிடம் நீட்டினேன். அவன் அதனைக் கழுவி, தன் கோப்பைக்குப் பக்கத்திலே கவிழ்த்து வைத்தான்.