ஒன்பதே கால் ரூபாய்

2025 நவம்பர் கடைசி வாரம் எனக்கு ரொம்ப நல்ல வாரம். 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்தில்தான் என்று 26-ஆம் தேதி கிளாஸ்கோவில் முடிவானது. 28-ஆம் தேதி ஜூனியர் ஆண்கள் ஹாக்கி உலகக் கோப்பை நம் ஊரிலேயே தொடங்கியது. நம் ஊர் என்றால் சென்னையும் மதுரையும். கம்பம் பக்கத்துச் சுருளிப்பட்டிக்காரனுக்கு மதுரை நம் ஊர்தான். 1982-ல் நாங்கள் மதுரை மாவட்டம். இன்றைக்கும் பெரிய ஆஸ்பத்திரி, கோர்ட்டு, கல்யாணச் சேலை எல்லாவற்றுக்கும் கம்பத்தில் பஸ் ஏறி அங்கேதான் போகிறோம். அந்த மதுரையில், ரேஸ் கோர்ஸ் மைதானத்தில், நீல ஆடுகளம் விரித்து, உலகத்துப் பையன்கள் ஹாக்கி ஆட வந்தார்கள். மொத்தம் 24 அணிகள். பார்க்க டிக்கெட் காசும் கிடையாது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

எங்கள் தேனி மாவட்டத்துக்குப் போட்டி நடத்துவது புதிதல்ல. பெரியகுளத்தில் சில்வர் ஜூப்ளி ஸ்போர்ட்ஸ் கிளப் மே மாதமானால் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடத்துகிறது. ராணுவ அணி, வங்கி அணி என்று நாட்டின் நல்ல அணிகளெல்லாம் வந்து மின்விளக்கு வெளிச்சத்தில் ஆடும். சின்ன ஊர் ஒன்று பெரிய ஆட்டத்தை வீட்டுக்கு அழைத்து உபசரிப்பதில் இருக்கிற பெருமிதத்தை நான் அங்கே பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதனால் நாடு போட்டி நடத்துகிறது என்றால் முதலில் எனக்கு வருவது சந்தோஷம்தான். கேள்வி பிறகுதான் வரும். சில சமயம் வராமலே போகும்.

இந்த முறை கேள்வியை வேறொருவர் கேட்டார். கம்பம் பக்கத்தில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் ரொம்பக் காலம் இருந்த பெரியவர். டீக்கடையில் நான் பேப்பரை விரித்து அகமதாபாத் செய்தியைக் காட்டியதும் கேட்டார்:

“ஜமேதாருக்கு எவ்வளவு போகும்னு போட்டிருக்கா தம்பி?”

“எந்த ஜமேதார், தோழர்?”

“ஆசியாட் கேஸ் தெரியாதா? கூலிப் பேச்சு வந்தா எங்க நோட்டீஸ்ல போடுவோமே.”

ஆசியாட், அதாவது 1982 தில்லி ஆசியப் போட்டி என்றால் எனக்குத் தெரிந்தது வேறு. நோட்டு அட்டையில் சிரித்த அப்பு யானை. 1982 ஆகஸ்ட் 15 அன்று தூர்தர்ஷனில் தொடங்கிய கலர் ஒளிபரப்பு. நூறு மீட்டரிலும் இருநூறு மீட்டரிலும் வெள்ளி வாங்கிய பி.டி. உஷா. 800 மீட்டரில் தங்கம் வாங்கிய சார்லஸ் பொரோமியோ. தேவகோட்டையில் பிறந்தவர், நம்ம பக்கத்து மனிதர். ஹாக்கி இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் 7-1 என்று வாங்கிய அடி. பதக்கப் பட்டியலை மனப்பாடமாகச் சொல்கிற எனக்கு, அதே ஆசியாட் கம்பம் பள்ளத்தாக்கின் கூலி நோட்டீசுக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்று தெரியவில்லை. தேடத் தொடங்கியது அங்கேதான்.

விளையாட்டுப் புத்தகங்களில் ஒன்றும் இல்லை. அவற்றில் ஸ்டேடியங்கள் தாமாகவே எழும்பிவிடுகின்றன: ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம், நீச்சல் குளம், மேம்பாலங்கள், விளையாட்டுக் கிராமம். கட்டியவர்கள் பற்றி ஒரு பத்தி கிடையாது. கடைசியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வக்கீலாக இருக்கும் நண்பர் சிரித்துவிட்டு, “அதை ஸ்போர்ட்ஸ் அலமாரியில் தேடினா எப்படிக் கிடைக்கும்?” என்று தீர்ப்பை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் ஒன்றியம் எதிர் இந்திய அரசு. உச்ச நீதிமன்றம், 1982 செப்டம்பர் 18. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பி.என். பகவதி.

படிக்கப் படிக்க எனக்குள் இருந்த ஆசியாட் வேறாக மாறிக்கொண்டே போனது. போட்டிக்கான கட்டடங்களை அரசும் தில்லி நிர்வாகமும் தில்லி வளர்ச்சி ஆணையமும் கான்ட்ராக்டர்களிடம் விட்டிருந்தன. கான்ட்ராக்டர்கள் ஆள் பிடிக்கிற வேலையை ஜமேதார்களிடம் விட்டார்கள். ஜமேதார்கள் ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒரிசா என்று வறண்ட ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கூட்டிவந்தார்கள். சட்டப்படி ஒரு நாள் குறைந்தபட்சக் கூலி ஒன்பதே கால் ரூபாய். அது தொழிலாளி கைக்கு நேராகப் போகாது, ஜமேதார் வழியாகப் போகும். அவர் தலைக்கு ஒரு ரூபாய் கமிஷன் எடுத்துக்கொண்டு எட்டே காலைக் கொடுப்பார். சமூக ஆய்வாளர்கள் மூன்று பேர் வேலை நடந்த இடங்களுக்குப் போய் இதையெல்லாம் விசாரித்து அறிக்கை எழுதினார்கள். அதை வைத்து ஒன்றியம் பகவதிக்கு ஒரு கடிதம் போட்டது. அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது கோர்ட்டு.

ஜமேதார் என்றால் இங்கே கங்காணி. எங்கள் ஊரில் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. விடியுமுன் கம்பத்திலும் கூடலூரிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் ஜீப்புகள் ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் மலை ஏறும். இடுக்கி ஏலத்தோட்டங்களில் காய் எடுப்பு, களை எடுப்பு. ஆறு பேர் உட்காரும் இடத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள், மடியில் தூக்குவாளி. ஆள் சேர்ப்பவர் கங்காணி. சில சமயம் ஜீப்புக்காரரே கங்காணி. தோட்டக்காரர் எவ்வளவு கொடுத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். என் அம்மா பல வருஷம் அப்படிப் போய் வந்தவர்.

தீர்ப்பில் இருந்ததை அம்மாவுக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“ஒம்பதே காலுக்கு ஒரு ரூவாயா?” என்றார். “பரவால்லையே. எங்காளு அதுக்கு மேலல்ல பிடிச்சான்.”

“பொம்பளைகளுக்கு ஏழு ரூபாதான் கொடுத்தாங்களாம்மா.”

கை நின்றது. “அப்ப ஆம்பளைக்கு ஒரு ரூவா, பொம்பளைக்கு ரெண்டே கால் ரூவா. அதுதான பாத்தேன்.”

பெண்களுக்கு ஏழு ரூபாய்தான், மிச்சம் ஜமேதாருக்கு என்பது தீர்ப்பிலேயே இருக்கிறது. ரெண்டே கால் என்று கழித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை, அம்மாவுக்கு உடனே தோன்றியது.

அரசுத் தரப்பு வைத்த வாதங்கள் இன்றைக்கும் அப்படியே எடுத்து வைக்கக்கூடியவை. இவர்கள் கான்ட்ராக்டரின் ஆட்கள், எங்கள் ஆட்கள் இல்லை. வழக்குப் போட்டவர்கள் தொழிலாளிகளே இல்லை, இவர்களுக்கு என்ன உரிமை? குழந்தைத் தொழிலாளர் விஷயம் இன்னும் விசேஷம். கட்டட வேலை 1938-ஆம் வருஷச் சட்டத்தின் பட்டியலிலேயே இல்லை, அதனால் அந்தச் சட்டம் இங்கே செல்லாது என்றார்கள். அந்தப் பட்டியலில் கட்டட வேலை விடுபட்டிருப்பதைப் பகவதி ஒப்புக்கொண்டார், ஆனால் அதைச் சொல்லித் தப்ப விடவில்லை. மற்ற எல்லாவற்றையும் தள்ளினார். வேலையைக் கான்ட்ராக்டில் விட்டாலும் பொறுப்பு அரசைவிட்டுப் போகாது. ஏழைக்காக வேறொருவர் வந்து கதவைத் தட்டலாம். பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை ஆபத்தான வேலையில் வைக்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 24-ஆம் பிரிவே சொல்கிறது, கட்டட வேலை ஆபத்தான வேலைதான்.

எங்கள் சங்கத்துக்காரர்கள் பிடித்துக்கொண்ட இடம் 23-ஆம் பிரிவு. கட்டாய உழைப்பைத் தடுக்கிற பிரிவு அது. பகவதி அதை விரித்துப் படித்தார். ஆள் வைத்து மிரட்டினால் மட்டும் கட்டாயம் ஆகாது. பசியும் வேறு வழியில்லாமையும் ஒருவரை அரைக்கூலிக்கு ஒப்புக்கொள்ள வைத்தால் அதுவும் கட்டாயம்தான். ஆக, குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வாங்குகிற வேலை எல்லாமே கட்டாய உழைப்பு. திராட்சைப் பந்தலில் கவாத்து வெட்டுபவருக்கும் ஏலக்காய் எடுப்பவருக்கும் இது பொருந்தும். தில்லி ஸ்டேடியம் கம்பத்து நோட்டீசுக்கு வந்த வழி இதுதான். கூலியை ஜமேதார் கையில் விடாமல் தொழிலாளியிடம் நேரடியாகக் கொடுக்கச் சொன்ன கோர்ட்டு, வேலையிடங்களை அடிக்கடி போய்ப் பார்க்க மூன்று கண்காணிப்பாளர்களையும் போட்டது.

தேதியைக் கவனியுங்கள். தீர்ப்பு செப்டம்பர் 18. போட்டி தொடங்கியது நவம்பர் 19. ஒன்பதே கால் யாருடைய உரிமை என்று முழுசாகத் தெளிந்தபோது சுவர்கள் எழும்பி நின்றுவிட்டன.

சரி, இதற்கும் முன்னால் எப்படி இருந்தது என்று பார்க்கத் தோன்றியது. 1951 மார்ச்சில் முதல் ஆசியப் போட்டியையே நடத்தியது தில்லிதான். 11 நாடுகள், ஐந்நூறுக்குள் வீரர்கள். நடந்தது பிரிட்டிஷ்காரர்கள் 1930-களில் கட்டிவைத்த இர்வின் ஆம்பிதியேட்டரில். அதுதான் நேஷனல் ஸ்டேடியம். புதிதாகச் சுதந்திரம் வாங்கிய நாடு, இருந்த மைதானத்தைச் சீர்செய்து ஆசியாவைக் கூப்பிட்டது. 1982-ல் 33 நாடுகள். கூப்பிடுவதற்காகவே ஊரைக் கட்டுவது அப்போதுதான் வழக்கத்துக்கு வந்தது. நான் 1951-ஐ ரொம்பப் புகழப் போவதில்லை. அன்றைக்குக் கையில் காசு இல்லை, அவ்வளவுதான்.

2010 காமன்வெல்த்தில் கதை திரும்ப ஓடியது. ஆச்சரியம் என்னவென்றால், அதே ஒன்றியம் இந்த முறையும் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. தில்லி உயர் நீதிமன்றம் முன்னாள் தூதர் அருந்ததி கோஷ் இருந்த ஒரு குழுவை அனுப்பிப் பார்க்கச் சொன்னது. குறைந்த கூலி, ஒழுங்கில்லாத தங்குமிடம் என்று பழைய புகார்களே மறுபடி வந்தன. தொடக்க விழாவுக்குச் சில நாள் முன்பு, செப்டம்பர் 21 அன்று, நேரு ஸ்டேடியம் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த நடைபாலம் இடிந்து விழுந்து தொழிலாளர்கள் காயம்பட்டார்கள். ஊழல் புகாரில் அமைப்புக் குழுத் தலைவர் சுரேஷ் கல்மாடி மறு வருஷம் கைதானார். அந்தப் போட்டியில்தான் இந்தியா 101 பதக்கம் வாங்கியது, நம்ம சரத் கமல் இரட்டையர் டேபிள் டென்னிஸில் தங்கம் வாங்கினார். அன்றைக்கு நான் குதித்தேன். இந்தத் தீர்ப்பைப் படித்த பிறகும் அந்தக் குதிப்பைத் திரும்பப் பெற மனமில்லை.

சரத் கமல் ஜெயித்தது உண்மை, நடைபாலம் விழுந்ததும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை ஆற்றிவிடலாம் என்று பார்த்தால் முடியவில்லை. “போட்டியே வேண்டாம்” என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஸ்டேடியம் கட்டாவிட்டாலும் அந்தக் குடும்பங்கள் வேறொரு கட்டடத்தில் எட்டே காலுக்குத்தான் நின்றிருக்கும். கேஸ் போட ஆள் வந்ததே போட்டி என்ற வெளிச்சம் அங்கே விழுந்ததால்தான். “நாட்டுக்குப் பெருமை, இதையெல்லாம் கிளறாதே” என்பவர்களோடும் ஒத்துப்போக முடியவில்லை. தீர்ப்பு பேசிய குறைந்தபட்சக் கூலிச் சட்டம், சம ஊதியச் சட்டம், புலம்பெயர் தொழிலாளர் சட்டம் மூன்றும் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் தொகுப்புகளுக்குள் போய்விட்டன. சரியாக ஐந்து நாளில் அகமதாபாத் அறிவிப்பு. அங்கே முதல் கல் வைக்கும்போதே வாராவாரம் போய்ப் பார்க்க மூன்று பேரைப் போடட்டும் என்பது என் ஆசை. கடைசி நேரத்தில் போட்டால் போதாது.

இதெல்லாம் மண்டைக்குள் ஓட, நவம்பர் 29 சனிக்கிழமை அக்கா மகனோடு மதுரைக்குப் போனேன். இந்தியா–ஓமன். பாகிஸ்தான் விலகிக்கொண்டதால் அந்த இடத்துக்கு வந்த அணி ஓமன். ஆட்டத்துக்கு முன் ஆடுகளத்தில் தண்ணீர் பீய்ச்சினார்கள். நீலத் தரை நனைந்து மினுமினுத்தது. லோயர்கேம்பிலிருந்து மதுரைக்குக் குழாயில் தண்ணீர் கொண்டுபோகும் திட்டத்தை எதிர்த்து எங்கள் பள்ளத்தாக்கு விவசாயிகள் போராடியவர்கள். இது எந்த ஊர்த் தண்ணீர் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு பந்து உருண்டது, நான் எல்லாவற்றையும் மறந்தேன். 17-0. முதல் ஏழெட்டு கோலுக்குக் கத்தினேன், அதற்குப் பிறகு ஓமன் கோல்கீப்பர் ஒரு பந்தைத் தடுத்தாலே கை தட்டினேன். கூட்டத்தில் பாதிப்பேர் அப்படித்தான். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. விருந்தாளி என்றால் இப்படித்தான் நடத்த வேண்டும்.

வீடு வந்து சேர நள்ளிரவு தாண்டிவிட்டது. அம்மா விழித்திருந்து சோறு போட்டார். பையனுக்கு வாய் ஓயவில்லை.

“அம்மாச்சி, 2030-ல நான் அகமதாபாத் போகப்போறேன். வாலண்டியரா.”

“அங்க என்ன வேல?”

“வர்றவங்களுக்கு வழி காட்டணும், கூட்டத்த ஒழுங்கு பண்ணணும்.”

“எத்தன நாளு?”

“பத்துப் பதினஞ்சு நாள் இருக்கும்.”

“நாளுக்கு எவ்வளவு?”

“கூலியெல்லாம் கிடையாது அம்மாச்சி. டிரெஸ் தருவாங்க, சாப்பாடு தருவாங்க, சர்ட்டிபிகேட் தருவாங்க.”

அம்மா குழம்புக் கரண்டியோடு என் பக்கம் திரும்பினார். “ஏண்டா, இதுக்கும் கங்காணி உண்டா?”