முதல் ஆய்வுக்கட்டுரை வாசிப்பு: சில குறிப்புகள்

வாசிக்கப் பத்து நிமிடம், கேள்விக்கு ஐந்து. கருத்தரங்க அழைப்பிதழில் அப்படித்தான் போட்டிருந்தது. கட்டுரையோ பதினான்கு பக்கம். நிதானமாக வாசித்தால் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் ஆகிறது. நெறியாளர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்: “முழுசையும் வாசிக்கணும்னு நினைக்காதம்மா. ஒரு கல்லை எடுத்துக்கோ, அதை நல்லாக் காட்டு.”

அந்தக் கல், திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் உள்ள நடுகல். முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. தன் எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி நிற்கிறான், பக்கத்தில் அவன் நாய். நாய்க்கென்றே தனியாக எழுத்துப் பொறித்திருக்கிறார்கள்: பெயர் கோவிவன், கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது. இதைச் சொன்னதும் அரங்கில் பேச்சு அடங்கியது. முன்னுரை, ஆய்வு நோக்கம், எல்லை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு முன்னால் வாசித்தவரின் கோப்பு பழைய எழுத்துருவில் இருந்தது. அரங்கக் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் குறிகளும். மனிதர் கலங்காமல் திரையை விட்டுவிட்டு வாய்மொழியாகவே சொல்லி முடித்தார். ஒருங்குறியில் தட்டச்சு செய்து, பிடிஎஃப் ஒன்றும் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி நேரம். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். “மைப்படி பாத்தீங்களா, இல்ல நூல்ல உள்ள பாடத்தை வெச்சுப் பேசுறீங்களா?” கல்லை நேரில் பார்த்திருக்கிறேன் ஐயா, மைப்படி (கல்லெழுத்தைத் தாளில் மையொற்றி எடுத்த படி) இன்னும் பார்க்கவில்லை என்றேன். சாப்பாட்டு வரிசையில் தேடி வந்து சொன்னார்: “காலை வெயில் சாய்வா விழும்போது போய்ப் பாருங்கம்மா. தேஞ்ச எழுத்தும் தெரியும்.” எந்த ஆய்வு முறையியல் நூலிலும் இதை நான் படித்ததில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிகளில், முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் இரண்டு கட்டுரை வாசிப்பு கட்டாயம். 2022 விதிகளில் அந்தக் கட்டாயம் இல்லை. போனது நல்லதே. சான்றிதழுக்காக மட்டும் வருகிறவர்கள் குறைந்தால், கேட்க வருகிறவர்களுக்கு நேரம் கிடைக்கும்.

அமர்வுத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொடக்க விழா நீண்டு நேரம் போய்விட்டால் எங்கள் வாசிப்பைக் குறையுங்கள், பரவாயில்லை. கேள்விக்கான அந்த ஐந்து நிமிடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.