கடைசி ராத்திரி யாரு?

ஞாயிறு ஆராதனைக்கு நாங்கள் வாலாஜாபாத் ஸ்டேஷனில் ரயிலேறித்தான் போக வேண்டும். சபை செங்கல்பட்டுப் பக்கம். லுத்தரன் என்று சொன்னால் ஊரில் பாதிப் பேருக்குப் புரியாது. "சி.எஸ்.ஐ. மாதிரியா?" என்பார்கள். மாதிரிதான் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். பத்து வருஷமாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன். அந்தத் தகுதியில் வாலிபர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். கூகுள் ஷீட் போடத் தெரிந்தவனிடம் பொறுப்பு தானாக வந்து சேரும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வாலிபர் முகாமுக்கு வெளியிலிருந்து ஒரு குழுவை அழைத்தோம். நல்ல பேச்சாளர், கூடவே கிடார், கீபோர்டு, டிரம்ஸ். எங்கள் பையன்களில் பலருக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. கம்பெனி பஸ்ஸில் தூங்கி, வீட்டில் தூங்கி, மிச்ச நேரத்தில் கோவில். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அண்ணா, பாட்டு நல்லா இருக்கணும்." யூடியூபில் பார்வை எண்ணிக்கையை வரிசைப்படுத்தினேன். மேலே வந்தவரைக் கூப்பிட்டேன். அதுதான் என் தேர்வு முறை.

இரண்டாம் ராத்திரி விளக்கை அணைத்தார்கள். கீபோர்டில் ஒரே ஸ்வரம் நீண்டுகொண்டே இருந்தது. குழந்தையாக இருந்தபோது தலையில் தெளித்த தண்ணீர் ஞானஸ்நானம் ஆகாது, இன்றைக்கு முடிவெடு, முழுகி எடு என்றார் பேச்சாளர். இருபது பேருக்கு மேல் முன்னால் போனார்கள். எனக்கும் உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலை டீ குடிக்கும் இடத்தில் பிளஸ் டூ படிக்கிற ஒரு பெண் வந்தாள்.

"அண்ணா, அப்போ எங்க தம்பிக்கு எடுத்தது செல்லாதா?"

அவள் தம்பி நாலு மாதத்தில் இறந்துபோனான். ஆஸ்பத்திரியிலேயே ஐயர் வந்து ஞானஸ்நானம் கொடுத்தார். எனக்கு அது தெரியும், அடக்கத்துக்குப் போயிருந்தேன். எனக்குப் பதில் வரவில்லை. "ஐயர்கிட்ட கேப்போம்மா" என்றேன்.

பேச்சாளர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் சபையின் உபதேசம் அது. அவர் அதை மறைக்கவுமில்லை. பிறகு தேடினால் அவருடைய பல வீடியோக்களில் அதேதான் இருக்கிறது. நான் பாட்டு வந்த வீடியோக்களை மட்டும் பார்த்திருக்கிறேன். 1530-இன் ஆக்ஸ்பர்க் அறிக்கை, ஒன்பதாம் பிரிவில், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்கிறது. வாங்குகிறவனின் முடிவில் அல்ல, கொடுக்கிறவரின் வாக்கில் அது நிற்கிறது என்பது லூத்தரின் வாதம். திடப்படுத்தல் வகுப்பில் படித்ததுதான். தம்பியை இழந்தவள் எதிரில் நின்றபோதுதான் அது பரீட்சைக்கு உரியதல்ல என்று புரிந்தது.

ஐயர் அவள் வீட்டுக்குப் போய் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வாரம் இன்னொன்று தெரிந்தது. முகாமில் 'தொடர் ஜெபத்துக்கு' என்று நம்பர் வாங்கி வாட்ஸாப் குழு ஆரம்பித்திருந்தார்கள். பதினெட்டு வயது ஆகாதவர்களும் அதில். எங்களில் ஒருவரும் இல்லை. ஆபீஸில் வெளி லைப்ரரி ஒன்றைச் சேர்ப்பதற்கு முன் அதன் லைசன்ஸ் என்ன, யார் பராமரிக்கிறார்கள், எந்த டேட்டாவைத் தொடுகிறது என்று நாலு பேர் பார்ப்போம். பிள்ளைகள் விஷயத்தில் நான் வியூஸ் பார்த்தேன்.

இனி வெளியாளே வேண்டாம் என்று கமிட்டியில் ஒரு பெரியவர் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வெளியாள் இல்லாமல் நாம் ஏது? 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவுக்கு அச்சுப்பொறி அனுப்பியது லுத்தரன்கள் அல்ல. லண்டனில் இருந்த ஆங்கிலிக்கன் சங்கம், எஸ்.பி.சி.கே. பொறி 1712-இல் வந்தது. தமிழ் எழுத்துகளை மட்டும் ஜெர்மனியில் ஹாலேயில் வார்த்து மறுவருஷம் அனுப்பினார்கள். எழுத்து பெரிதாக இருந்தது, காகிதம் காணவில்லை. சின்ன எழுத்து வார்த்து 1715-இல் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள். வெளியாள் வேண்டாம் என்றிருந்தால் அந்தப் புத்தகம் எப்போது வந்திருக்கும்?

கதை அங்கே முடியவில்லை. அதே சங்கம் வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் லுத்தரன் மிஷனரிகளுக்குச் சம்பளம் கொடுத்தது. நூறு வருஷம் போல ஓடிய ஏற்பாடு. 1820-களில் அந்தச் சபைகள் இன்னொரு ஆங்கிலிக்கன் சங்கத்தின் கைக்குப் போயின. பப்ரிசியுஸ் ஊழியம் செய்த வேப்பேரியின் சபை வழியில் வந்த செயின்ட் மத்தியாஸ் இன்று சி.எஸ்.ஐ. கோவில். சண்டை போட்டு எடுத்துக்கொள்ளவில்லை. செலவு செய்தவர்களிடம் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

தஞ்சாவூரில் வேதநாயகம் சாஸ்திரியார் எதிர்த்தார். வேத மொழிபெயர்ப்பை மாற்றாதே, எங்கள் பாட்டில் கை வைக்காதே என்றார். அதுவரை நான் அவர் கட்சி. ஆனால் சாதி பார்த்துத் தனித்தனியாக உட்காரக் கூடாது என்று புதிய மிஷனரிகள் சொன்னதையும் அவர் எதிர்த்தார். அங்கே வெளியாள்தான் சரி. இந்த இடத்தை எங்கள் கமிட்டியில் வாசித்தபோது யாரும் பேசவில்லை. எங்கள் வரன் பார்க்கும் லட்சணம் எங்களுக்குத் தெரியும்.

ஆக, இந்த வருஷம் வெளியாட்களைத்தான் கூப்பிட்டிருக்கிறோம், கேள்வி கேட்டு. வேதபாடத்துக்குக் கீழ்ப்பாக்கம் குருகுல் இறையியல் கல்லூரி மாணவர் ஒருவர். லோன் ஆப், வட்டி பற்றிப் பேச ஒரு வங்கி ஊழியர், முஸ்லிம். அவர் ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை, தூக்கம் கெட்டுக் கடனில் கிடக்கிற எங்கள் பையன்களுக்கு அவர் தேவை. நைட் ஷிப்ட் உடம்பை என்ன செய்யும் என்று சொல்ல ஒரு டாக்டர். சாதியும் காதலும் பேச ஒரு வக்கீல் அம்மா. அவரை வைக்க இரண்டு கூட்டம் சண்டை நடந்தது. யாரும் பிள்ளைகளிடம் நம்பர் வாங்கக் கூடாது. பாட்டு நாங்களே. சுமாராகத்தான் இருக்கும்.

அந்தப் பெண் இப்போது ஒரகடத்தில் வேலைக்குப் போகிறாள். நிகழ்ச்சி நிரலை அனுப்பினேன். ஷிப்ட் முடிந்து ராத்திரி பதினொன்றரைக்குப் பதில் வந்தது.

"கடைசி ராத்திரி யாரு அண்ணா?"

"நம்ம ஐயர்" என்று டைப் செய்தேன்.

"லீவு கேக்குறேன்" என்று வந்தது.