கட்டாட்டி என்ன செய்வாய்ங்க?

'வரி கட்ட மாட்டேன்' என்று சொல்கிற ஆள் மேல் நமக்கு எப்போதுமே ஒரு தனி மரியாதை உண்டு. 1959-ல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் சிவாஜி கேட்ட கேள்விகளை, ஸ்கூல் ஆண்டு விழாவில் அட்டைக் கத்தியைச் சுழற்றிக் கேட்காத பையன் எங்கள் ஜில்லாவில் உண்டா? என்ன, கத்தியும் மீசையும் ஞாபகம் இருக்கிற அளவுக்கு, 1799 அக்டோபரில் கயத்தாறில் என்ன நடந்தது என்பது யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை!

அதிலும் கம்பம் பள்ளத்தாக்கில் மாதச் சம்பளக்காரனுக்கு வயிற்றெரிச்சல் கொஞ்சம் ஜாஸ்தி. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஒரு பக்கம் திராட்சைப் பந்தல், இன்னொரு பக்கம் தென்னந்தோப்பு. மலைக்கு மேலே ஏலக்காய். விவசாய வருமானத்துக்கு 1961-ம் வருடச் சட்டத்திலும் மத்திய வருமான வரி கிடையாது, அதற்குப் பதிலாக வந்த 2025-ம் வருடச் சட்டத்திலும் கிடையாது. ஏலக்காயைப் பறித்து, ஸ்டோரில் உலர்த்தி, விற்கத் தோதாக்குவது வரைக்கும் விவசாயம்தான். மேகமலைத் தேயிலை விஷயம்தான் வேடிக்கை. இலை வளர்வது விவசாயம், ஃபாக்டரியில் தூளாவது வியாபாரம் என்று 1962-ம் வருட விதிகள் லாபத்தை இரண்டாகப் பிரித்தன. 60 சதவிகிதத்துக்கு மத்திய வரி இல்லை, 40-க்கு உண்டு. சம்பளக்காரனை மட்டும் யாரும் பிரிக்கவில்லை. முழுசாக மாட்டிக்கொண்டான். பணம் கைக்கு வருவதற்கு முன்பே பிடித்துக்கொள்கிறார்கள். 'மாட்டேன்' என்று சொல்லக்கூட சந்தர்ப்பம் தருவதில்லை!

பி.காம். முடித்த ஒரே பாவத்துக்காக எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அடியேன் ஓசி ஆடிட்டர். அப்படி வந்தவர்தான் அந்த அண்ணன். தேனியில் ஒரு மில் ஆபீஸில் வேலை. அது போக, போடியில் ஏலக்காய் வாங்கி விற்கிறவர்களுக்கு நடுவில் நின்று கமிஷன் பார்ப்பார். தோட்டக்காரருக்கு ஏலக்காய் விவசாயம். கமிஷன்காரருக்கு அது வியாபாரம். வாசனை ஒன்றுதான், சட்டம் வேறு.

"சம்பளத்துல பிடிச்சுட்டாய்ங்க. கமிஷன் குடுக்கறவரும் பிடிச்சுட்டுத்தான் குடுக்கறாரு. இதுக்கு மேல நான் எதுக்குத் தம்பி ரிட்டர்ன் போடணும்? நம்ம தெரு ரோட்டப் பாத்தீகளா? போட மாட்டேன். கட்டாட்டி என்ன செஞ்சிருவாய்ங்க?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கேட்கவில்லை. வந்த மெயில்களையும் திறக்கவில்லை. "படிச்சாத்தானே நோட்டீசு? படிக்காட்டி?" என்பது அவர் கண்டுபிடித்த சட்ட நுணுக்கம்.

என்ன செய்தார்கள் என்று கேட்கிறீர்களா? வீட்டுக்கு யாரும் வரவில்லை. சினிமாவில் வருகிற மாதிரி சோபாவைக் கிழிக்கவில்லை. கமிஷனில் பிடித்த வரி, பான் நம்பரோடு கம்ப்யூட்டரில் ஏறி உட்கார்ந்திருந்தது. ரிட்டர்ன் போடச் சொல்லி நோட்டீஸ் போனது. பதில் இல்லை. அதிகாரியே கையில் இருக்கிற விவரங்களை வைத்து, 'உமது வருமானம் இவ்வளவு' என்று முடிவு கட்டிவிட்டார். சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஜீப் வாடகை, ஆள் கூலி, போன் செலவு எல்லாவற்றையும் அண்ணன் கமிஷனில் கழித்திருக்கலாம். கேட்க ஆள் இருந்தால்தானே கழிப்பார்கள்! ஒழுங்காகக் கணக்குக் கொடுத்திருந்தால் 18,000 ரூபாயோடு போயிருக்கும். ஆர்டரில் வட்டியும் சேர்ந்து 94,000. அபராத நோட்டீஸ் தனி. அப்பீலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அதுவும் திறக்காத மெயிலுக்குள்ளேயே முடிந்துபோனது.

மகளின் காலேஜ் ஃபீஸ் கட்ட மதுரைக்குப் போன அன்றுதான் அண்ணனுக்கு விஷயம் தெரிந்தது. கார்டு வேலை செய்யவில்லை. ஊருக்கு போன் போட்டால், கணக்கை வருமான வரிக்காரர்கள் முடக்கியிருப்பதாக பாங்க்கில் சொல்லியிருக்கிறார்கள். கவுண்ட்டரில் பின்னால் நின்றவர்கள் 'கொஞ்சம் தள்ளுங்க சார்' என்றார்களாம். அந்தப் பெண் அப்பா முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். மறுநாள் மதினியின் செயின் அடகுக் கடைக்குப் போனது.

(இன்னொரு வதந்தியும் ஊரில் உலாவுகிறது. 2025 பட்ஜெட்டில் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்றார்களே, அதனால் ரிட்டர்னும் வேண்டாமாம்! வரி இல்லாதது வேறு, ரிட்டர்ன் வேண்டாதது வேறு. 2025-26 கணக்குப்படி, அந்த முறையில் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினாலே ரிட்டர்ன் போட்டாக வேண்டும்.)

"ஜெயில்ல போட்டுருவாய்ங்களா தம்பி?" என்று இறங்கிய குரலில் கேட்டார். 1961-ம் வருடச் சட்டத்தில் 25 லட்சத்துக்கு மேல் வேண்டுமென்றே ஏய்த்தால் 6 மாதம் முதல் 7 வருடம் வரை ஜெயில். அதற்குக் கீழே என்றால் 3 மாதம் முதல் 2 வருடம். "உங்க தொகைக்கு அவ்வளவு தூரம் வர மாட்டாங்கண்ணே" என்று தைரியம் சொல்லிவிட்டு, நம்ம ஊருக்கு வேண்டப்பட்ட ஒருவர் கதையைச் சொன்னேன்.

1989-ல் போடியிலும், 2002-லும் 2006-லும் ஆண்டிபட்டியிலும் ஜெயித்தவர் ஜெயலலிதா. அவரும் சசிகலாவும் பங்குதாரர்களாக இருந்த சசி எண்டர்பிரைசஸுக்கு இரண்டு வருடம், அவர்கள் இருவருக்கும் 1993-94 என்று ரிட்டர்ன் போடாததற்காகத் தொண்ணூறுகளிலேயே வழக்கு. கோர்ட் கோர்ட்டாக ஏறி, 2014 ஜனவரி 30-ல் சுப்ரீம் கோர்ட், 'நாலு மாதத்தில் விசாரித்து முடியுங்கள்' என்றது. ரிட்டர்ன் போடாததே குற்றம், வரி எவ்வளவு என்று அப்பீலில் சண்டை நடப்பது இந்த வழக்கை நிறுத்தாது என்பதும் தீர்ப்பில் உண்டு. வேண்டுமென்றே செய்யவில்லை என்று நிரூபிக்கிற பொறுப்பும் போடாதவர் தலையில்தான். கடைசியில் சுமார் 2 கோடி ரூபாய் சமரசக் கட்டணம் கட்டி, 2015-ல் வழக்கு முடிந்தது. கட்டியபோது போட வேண்டிய தேதி போய் இருபது வருடம் ஆகியிருந்தது.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இத மொத மொத கொண்டாந்தப்ப யாருமே எதுத்துக் கேக்கலையா?" என்றார்.

கேட்டார். அதுவும் நம்ம மெட்ராஸ் கவர்னரே கேட்டார்! 1857 கலகத்தில் காலியான கஜானாவை நிரப்ப, 'எகானமிஸ்ட்' பத்திரிகையை ஆரம்பித்த ஜேம்ஸ் வில்சனை லண்டனிலிருந்து கூட்டி வந்தார்கள். அவர் 1860-ல் வருமான வரியைக் கொண்டுவந்தார். கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன், 'இது இந்த ஊருக்கு ஆகாது' என்று எழுதினார். எழுதியதோடு நிற்காமல் பேப்பரிலும் வெளியிட்டுவிட்டார். உடனே வேலை போச்சு! வில்சன் அதே வருடம் ஆகஸ்டில் கல்கத்தாவில் வயிற்றுக் கடுப்பில் இறந்துபோனார். கொஞ்ச வருடத்தில் அதே ட்ரெவெல்யனைக் கூப்பிட்டு, இந்தியா முழுவதுக்கும் நிதிப் பொறுப்பைக் கொடுத்தார்கள். 1865-ல் அந்த வரியும் காலாவதியானது. பிறகு வேறு வேறு பெயரில் திரும்பி வந்து, 1886-லிருந்து நிரந்தரமாகக் குடியேறிவிட்டது என்பது வேறு விஷயம்.

அண்ணன் கடைசிப் பகுதியைக் காதிலேயே வாங்கவில்லை.

"வேலைய விட்டுத் தூக்குனவரையே திருப்பிக் கூப்பிட்டுக் கல்லாச் சாவியக் குடுத்திருக்காய்ங்க! எனக்குச் சாவியெல்லாம் வேணாம் தம்பி... அந்த அக்கவுண்ட்ட மட்டும் எப்பத் தொறந்து விடுவாய்ங்க?"