விலை பேசப்பட்ட பொழுது

யப்பானியப் பாணியில் அமைந்த ஒரு வீடியோ விளையாட்டைப் பற்றி எழுத முற்படுவதைக் கண்டு சில அன்பர்கள் முகஞ் சுளிக்கக்கூடும். கூத்தையும் நாவலையும் சினிமாவையும் பற்றிப் பக்கம் பக்கமாக விவாதிக்கிறோம். வேலைக்குப் போகும் வழியிலும் வேலை முடிந்து திரும்பும் வழியிலும் எண்ணற்ற உழைப்பாளிகளின் கையிலே இருக்கும் இந்த வடிவத்தை மட்டும் சிறுபிள்ளை விளையாட்டென்று ஒதுக்கிவிட்டால், நட்டம் நமக்கேயன்றி அவர்களுக்கன்று.

சில வாரங்களாக இரவு நேரங்களில் நான் ஆடி வருவது 'அஸ்டிவைன் ஹார்ட்ஸ்' என்பது. முதலிற் கைத்தொலைபேசிக்கென ஆக்கப்பட்டு, பின்னர் கணனிக்கும் தொலைக்காட்சியோடு இணைக்கும் விளையாட்டுப் பொறிகளுக்கும் மாற்றப்பட்டது. ஆக்கியது எக்ஸ்-கிரியேட் என்ற கம்பனி; வெளியிட்டது கெம்கோ. நெடுங்காலம் அமைதி நிலவிய உலகொன்றில் ஒருநாள் விண்கல் விழுகிறது. அநாதை விடுதியிலே வளர்ந்த சாக், ஸ்டெல்லா என்ற இருவர் என்னவென்று பார்க்கப் போகிறார்கள். அங்கே ஒரு பூனை நிற்கிறது. அது வெறும் பூனையன்று. உலகை ஆளும் கடவுள்! இருளின் கடவுள் தம் சக்தியிற் பெரும்பகுதியைக் களவாடிவிட்டபடியால், பூனையின் உடலை இரவல் வாங்கி நிற்கிறார். அதிகாரம் பறிபோன ஆண்டவனுக்கு அநாதைகள் கைகொடுக்கிறார்கள். கதை பழையதுதான். ஆயினும் நான் அதை ரசித்தேன் என்பதை மறைப்பானேன்?

கெம்கோ இருப்பது ஹிரோஷிமா மாகாணத்துக் கூரே நகரில். ஒரு காலத்திற் கடற்படைக் கப்பல்கள் கட்டிய நகரம் அது. 'யமாட்டோ' என்ற இராட்சதப் போர்க்கப்பல் 1940 இல் நீரில் இறங்கியதும் அங்கேதான். இன்று அதே நகரத்திலிருந்து, பூனையும் அநாதைகளும் உலகைக் காக்கும் கதைகள் ஏற்றுமதியாகின்றன. வரலாறு சில வேளைகளில் நல்ல புத்தியும் பெறுவதுண்டு போலும்.

இவ்விளையாட்டின் முகம் பழைய முகம். சதுரப் புள்ளிகளாலான மனிதர்கள். மேலிருந்து பார்க்கும் ஊர்கள். எத்தனைமுறை கேட்டாலும் அதே வாக்கியத்தையே திருப்பிச் சொல்லும் கிராமத்துக் கிழவர். நீர் ஒருமுறை, அரக்கன் ஒருமுறை என்று முறைவைத்து நடக்கும் சண்டை. இவையெல்லாம் 1986 இல் வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட்' காலத்திலே உருவான மரபுகள். யூஜி ஹோரீ என்பார் வடிவமைத்த அந்த விளையாட்டு முழுவதும் 64 கிலோபைற்றுக்குள் அடங்கியது. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரேயொரு புகைப்படம் அதைவிடப் பன்மடங்கு பெரிது. இடம் போதாமையாற் படங்கள் சிறுத்தன, வசனங்கள் குறுகின. ஆடியவரின் நிலையைச் சேமித்துவைக்கவும் அதில் வசதியில்லை. திரையிலே தோன்றும் 20 எழுத்துக்களைக் கடுதாசியில் எழுதிவைத்து, மறுநாள் திரும்பப் பதிக்கவேண்டும். ஓரெழுத்துப் பிழைத்தாலும் முதல்நாள் உழைப்பு முழுவதும் போயிற்று!

இல்லாமையிலே பிறந்த அந்த உருவத்தை, இல்லாமை தீர்ந்த பின்பும் வலிந்து வரைந்து விற்கிறார்கள், வாங்குகிறோம். எதை எண்ணி ஏங்குகிறோம்? சதுரப் புள்ளிகளை எண்ணி என்று நான் நம்பவில்லை. நாழிகைக்குக் கணக்கு வைக்காமல் வீணாக்க முடிந்த ஒரு பருவத்தை எண்ணியே ஏங்குகிறோம்.

இந்த ஏக்கத்தின் இடையிலேதான் கடை வந்து நிற்கிறது. இவ்வகை ஆட்டத்தில் வீரன் வலிமை பெறவேண்டுமானால், அதே காட்டிலே, அதே அரக்கரைத் திரும்பத் திரும்ப வெட்டவேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். ஆயினும், விளையாட்டை வாங்கக் காசில்லாத வீட்டுப் பிள்ளை வாசலுக்கு வெளியே நின்றான் என்பதை மறக்காமலே சொல்கிறேன்: உள்ளே வந்தபின் செல்வன் வீட்டுப் பிள்ளையும் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் அதே நூறு அரக்கரை வெட்டியே தீரவேண்டியிருந்தது. கைத்தொலைபேசி அந்தச் சமத்துவத்தை உடைத்தது. மெய்யான காசு கொடுத்துப் புள்ளிகள் வாங்கலாம். அப்புள்ளிகளைக் கொண்டு, பெறும் அனுபவத்தை இரட்டிப்பாக்கும் பொருள்களை வாங்கலாம். வாங்காமலும் ஆட்டத்தை முடிக்கலாம் என்று வெளியீட்டாளர் சொல்வது உண்மையே. நானும் ஒரு சதந்தானும் கொடுக்கவில்லை. ஆனால் சலிப்பையும் அதற்கான மருந்தையும் ஒரே கை விற்கும்போது, சலிப்பின் அளவை நிர்ணயிப்பவர் யார்? காட்டிலே பத்தாவது தடவை அதே அரக்கனை வெட்டும்போது, இது கதைக்காக வந்தவனா, கடைக்காக வந்தவனா என்ற ஐயம் எழாமற் போவதில்லை. முன்பு எழாத ஐயம் அது. பொறிகளுக்கு மாறி வரும்போது சில ஆட்டங்களில் அந்தக் கடை மூடப்படுகிறது. சிலவற்றில் அனுபவத்தைப் பெருக்கும் பொருள் தனிச் சரக்காகத் தொடர்ந்து விற்கப்படுகிறது.

இவற்றை 'ஒரே அச்சில் வார்த்த மலிவுச் சரக்கு' என்று எள்ளி நகையாடும் விமர்சகர் பலர். அஸ்டிவைன் என்ற பெயரிலேயே மெனஸ், டியோஸ், கமுரா, குரொஸ், சாகா என வரிசையாக வந்தன. ஓராட்டத்தின் பலகையும் பெட்டியும் மற்றதில் மீண்டும் தலைகாட்டும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெருங் கம்பனிகள் பல நூறு பேரைப் பல ஆண்டுகள் கசக்கிப் பிழிந்து ஒரு காவியம் இயற்றும்போது கைதட்டும் அதே விமர்சகர், சிறு கூட்டமொன்று பழைய மரத்தையே இழைத்து இன்னொரு கதவு செய்தால் மட்டும் ஏன் மூக்கைப் பொத்தவேண்டும்? என் குறை கதவின்மேலன்று. வாசலிலே வைத்த உண்டியலின்மேல்.

கைத்தொலைபேசிப் பிறப்பின் தழும்புகள் மாற்றத்தின் பின்பும் மறைவதில்லை. விரலுக்கேற்ற பருத்த பொத்தான்கள்; இரு தரிப்பிடங்களுக்கிடையே முடியக்கூடிய சண்டை; தானாகவே சண்டையிட்டுக்கொள்ளும் வசதி. நெரிசல் மிகுந்த புகைவண்டியில் ஒரு கையாற் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஆடியவனுக்காக உருவான வடிவம் இது. அவனது களைப்பையும் இதில் வாசிக்கலாம். தொலைக்காட்சியின் முன்னே சாய்ந்திருந்து ஆடும் எனக்கு அந்த அவசரம் விசித்திரமாகவே பட்டது. தானியங்கிச் சண்டையை நிறுத்திவைத்தேன்.

இந்த மரபின் முன்னோடிகளோ அழிந்து வருகின்றன. 1999 பெப்ரவரியில் டொக்கோமோ கம்பனி 'ஐ-மோட்' சேவையைத் தொடங்கியது. 2001 முதல் அந்தப் பழைய மடிப்புத் தொலைபேசிகளிலே சிறு விளையாட்டுகளும் இயங்கின. 2026 மார்ச் 31 அச்சேவையின் இறுதிநாளென அறிவிக்கப்பட்டது. சேவையகம் நின்றால் அவற்றைத் திரும்பப் பெற வழியில்லை. கடுதாசியில் எழுதிவைக்க 20 எழுத்துக்களும் இல்லை. ஜி-மோட் என்ற கம்பனி 2020 இல் தொடங்கிச் சிலவற்றை மீட்டு, இன்றைய பொறிகளுக்கு மாற்றி வெளியிட்டது. மற்றவை யாரோ ஒருவருடைய மேசை இழுப்பறையில், பற்றரி வீங்கிய தொலைபேசிகளுக்குள்ளே கிடக்கின்றன.